இலை கொட்டும் காலத்து வானம்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் வானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் இரண்டே பேர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் மழைக்கு அஞ்சிய மேற்பார்வையாளர் மண்டோர் ஒருவர். குஞ்சு பொரித்த கோழிக்குக் காவலிருந்த என் பாட்டி இன்னொருவர். பட்டை நனைந்திருந்தால் பால் மரம் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டில் இறங்காமல் மரத்தைச் சுற்றி வழிந்து வீணாகும். ஆகவே மண்டோரின் பார்வை மேகத்தோடு முடிந்துவிடும். பாட்டியின் பார்வை பருந்தோடு. மற்ற எல்லாருக்கும் வேலை கண்ணுக்குக் கீழேதான். பட்டை, உளி, மங்கு, வாளி, ஸ்டோருக்குப் போகும் செம்மண் பாதை.

பாட்டியின் பறவை சாஸ்திரம் மிகச் சுருக்கமானது. வெள்ளைக் கழுத்தும் செம்மண் நிற முதுகுமாக வருவது கருடன். கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் திருட்டுப் பருந்து. தகரத்தைத் தட்டி விரட்ட வேண்டும். வெள்ளிக்கிழமையில் கருடனே கோழிக்குஞ்சுக்கு இறங்கினால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை, தலையில் ஒரு குட்டு வந்தது.

கரங்கான், கெடா மாநிலத்துக் கூலிம் மாவட்டத்துச் சிற்றூர். மேற்கே பாடாங் செராய், கிழக்கே சுங்கை செடிம் ஆறு இறங்கி வரும் மலைக்காடு, இடையில் தோட்டங்கள். அப்பா டப்ளின் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அங்கே பிரிவுகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கலியாணப் பத்திரிகையிலும் ஐந்தாம் பிரிவு, ஏழாம் பிரிவு என்றே அச்சடிப்பார்கள். நான் படித்ததும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், பிறகு பாடம் சொல்லிக் கொடுக்க வந்ததும் இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில்.

பறவை பார்ப்பதற்கென்று பேருந்து பிடித்துப் போவார்கள் என்பது எனக்குப் பள்ளியின் இயற்கை மன்றப் பொறுப்பு வந்த பிறகுதான் தெரியும். அந்தப் பொறுப்பு எப்படி வந்தது என்பதைக் கதையாக்க வேண்டியதில்லை. ஆசிரியர் கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன், அவ்வளவுதான். மலேசிய இயற்கைக் கழகம் பள்ளிகளில் நடத்திவரும் மன்றத்தின் கிளை அது. 1940இல் தொடங்கிய கழகம். அதன் சிலாங்கூர் கிளை 2000ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதத்தில் தஞ்சோங் துவானில் பருந்து பார்க்கும் விழா நடத்துகிறது. யாரும் போகலாம், வழிகாட்டுவதற்கு ஆள் உண்டு, டெலஸ்கோப் அவர்களுடையது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமே என்று தோன்றியது.

கெடாக்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல். எங்களுக்கு வார விடுமுறை வெள்ளி, சனி. விழா சனி, ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளைகள் பள்ளியில் இருந்தாக வேண்டும். ஆகவே வெள்ளி இரவு ஏறி, சனி பகல் பார்த்துவிட்டு, அன்றிரவே திரும்புவது என்று முடிவானது. தஞ்சோங் துவான் இருப்பது போர்ட் டிக்சன் பக்கம் என்று கேட்டதும் பெற்றோர்கள் கடலில் குளிக்கும் சுற்றுலா என்றே எடுத்துக்கொண்டார்கள். பைகளில் துண்டும் மாற்றுடுப்பும் இருந்தன, ஒரு பையனிடம் காற்றடைக்கும் மிதவைகூட இருந்தது. புளிச்சோறு, நாசி லெமாக், அவித்த முட்டை. ஈப்போ தாண்டுவதற்குள் பாதி முட்டை காலி.

தஞ்சோங் துவான், நெகிரி செம்பிலான் கடற்கரையில் முட்டிக்கொண்டு நிற்கும் ஒரு காட்டுமுனை. சுற்றிலும் நெகிரி செம்பிலானாக இருந்தாலும் அந்த முனை மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம். போர்ச்சுகீசியர்கள் கேப் ரச்சாடோ என்றார்கள், 16ஆம் நூற்றாண்டில் அங்கே விளக்கு ஏற்றினார்கள். 1606இல் டச்சுக்காரர்களும் அவர்களும் அந்தக் கடலில் பீரங்கியால் அடித்துக்கொண்டார்கள். இப்போது நிற்கும் வெள்ளைக் கோபுரம் 1863இல் எழுந்தது. வடக்கே திரும்பும் பருந்துகளுக்கு இந்தச் சரித்திரத்தில் அக்கறையில்லை. அவற்றுக்கு வேண்டியது ஒரே ஒரு கணக்கு. எதிரே சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவிலிருந்து இந்த முனைக்கு ஏறக்குறைய 38 கிலோமீட்டர். அந்தப் பகுதியில் நீரிணையைக் கடக்க இதைவிடக் குறுகிய வழி கிடையாது.

கலங்கரை விளக்கத்துக்குப் போகும் தார்ச்சாலை காட்டுக்குள் ஏறிப் போகிறது. குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் ஓசை தெரியும். மிச்சமிருந்த முட்டைகள் அங்கே போயின. மேலே எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவர் தமிழர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வெயிலில் வெளுத்த தொப்பி. பிள்ளைகளுக்கு உடனே 'அங்கிள்' ஆகிவிட்டார். எனக்கு அண்ணன்.

"எங்கண்ணே பறவை?" என்றேன். மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

"இன்னும் கெளம்பல டீச்சர். அதுங்க இப்பதான் சுமத்ராவுல பசியாறிக்கிட்டு இருக்கும்."

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் உள்ளே விஷயம் இருந்தது. பெரிய பருந்து சிறகடித்துப் பறப்பதை விரும்பாது. உடல் கனம், அடித்து அடித்துப் பறந்தால் சேர்த்து வைத்த கொழுப்பு கரைந்துவிடும். வெயில் ஏறித் தரை சூடானால் அங்கிருந்து வெப்பக்காற்று மேலெழும். சிறகை விரித்து அதில் ஏறி, வட்டமடித்து உயரம் சேர்த்து, பிறகு சறுக்கிக்கொண்டே அடுத்த காற்றுக்குப் போகும். ஆனால் கடலின் மேல் அப்படிப்பட்ட காற்று எழும்புவதில்லை. ரூபாட் தீவில் வெயில் ஏறும்வரை காத்திருந்து, முடிந்த உயரம் சேர்த்து, நீரிணையில் சறுக்கத் தொடங்கும். பாதியில் உயரம் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு சிறகடித்துத்தான் கரை சேர வேண்டும். அதனால்தான் அவை இந்த முனைக்கு வரும்போது தாழ்ந்து, களைத்து, மனிதர் முகத்துக்கு நேராக வருகின்றன. பதினோரு மணியிலிருந்து பிற்பகல் மூன்றுவரை நல்ல நேரம். செப்டம்பரிலிருந்து தெற்கே போகும்போது இப்படித் தாழ்வாகக் காட்டாது. தரையிலேயே உயரம் சேர்த்துக்கொண்டு எட்டாத தூரத்தில் போய்விடும்.

இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்கக் கேட்க, ஒவ்வொரு துண்டாகத்தான் வந்தது. நல்ல வழிகாட்டியும் பேச்சுக்காரரும் வேறு வேறு ஆட்கள் என்பது அன்று தெரிந்தது. எங்களுக்குப் பக்கத்துக் குழுவுக்கு வந்தவர் ஒலிபெருக்கி வைத்திருந்தார். பறவை வந்தபோதும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். நம்மவர் பறவை பெயர் எதையும் முதலில் சொல்லவே இல்லை. "கடலும் வானமும் சேர்ற கோட்டுக்கு மேல ஒரு கை அகலம் பாரு. அங்கேயே பாரு. அசையற புள்ளி இருந்தா சொல்லு." பெயர் பிறகு வரும் என்பது அவர் முறை. பிள்ளைகளில் பாதிப் பேர் அரை மணி நேரத்தில் சலித்து மிதவைக்காரப் பையனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் புள்ளியைப் பார்த்தது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி. புள்ளி கோடானது. கோட்டுக்கு இரண்டு பக்கமும் மடங்கி விரியும் சிறகு வந்தது. அண்ணன் பைனாகுலரை எடுக்கவே இல்லை. "தேன் பருந்து" என்றார். "அதுக்குக் கழுத்து நீளம், தலை சின்னது. புறாத் தலையைப் பருந்து உடம்புல ஒட்ட வச்ச மாதிரி."

அது நேராக எங்களை நோக்கி வந்தது. அலைக்கு மேலே தென்னை உயரம்கூட இல்லை. நான்கு சிறகடி, ஒரு சறுக்கல். மறுபடி நான்கு சிறகடி. வலது சிறகில் ஓர் இறகு விழுந்து அந்த இடம் பல் போன வாய் போலத் திறந்திருந்தது. டெலஸ்கோப்பில் முகம் தெரிந்தது. மஞ்சள் கண். கண்ணையும் அலகையும் சுற்றி மெல்லிய இறகு கிடையாது, செதில் அடுக்கியது போல இறுகிய சிற்றிறகுகள். குளவிக் கூட்டையும் தேனீக் கூட்டையும் பிய்த்துப் புழுவைத் தின்னும் பறவை அது, கொட்டு படாமலிருக்க அந்தக் கவசம். முனையின் பாறைக்கு வந்ததும், யாரோ கீழிருந்து தூக்கிவிட்டது போல ஒரு குலுக்கல். சிறகடிப்பு நின்றது. விரித்த சிறகோடு ஒரு வட்டம், அதற்கு மேலே இன்னொரு வட்டம். நாங்கள் கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சாய்க்க அது கோபுரத்துக்கு மேலே போய்விட்டது.

அப்புறம் வந்துகொண்டே இருந்தன. இரண்டும் மூன்றுமாக, பிறகு பத்தும் பதினைந்துமாக. ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு, ஒன்றின் வயிற்றில் பட்டைக் கோடு. எல்லாம் ஒரே இனம் என்று சொன்னால் பிள்ளைகள் நம்பவில்லை. தேன் பருந்துக்கு ஒரே உடுப்பு கிடையாது. இடையில் சிறிய வல்லூறுகளும் வந்தன. சீனத்து வல்லூறு, ஜப்பான் வல்லூறு என்று அண்ணன் பிரித்துச் சொன்னார். எனக்கு இன்றைக்கும் அந்த இரண்டும் வேகமாகப் பறந்தால் ஒன்றுதான்.

எண்ணுவது ஒரு தனி வேலை. கையில் அழுத்துகிற எண்ணியைக் கொடுத்ததும் பையன்கள் வட்டமடிக்கும் கூட்டத்தைப் பார்த்துக் கண்டபடி அழுத்தினார்கள். அண்ணன் அதை வாங்கிச் சுழியமாக்கினார். "சுத்துறப்ப எண்ணக்கூடாது. ஒரே பறவையை மூணு தடவ எண்ணிருவ. மேல போய் முடிச்சதும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையாக் கெளம்பும் பாரு, அப்ப எண்ணு. கோட்டைத் தாண்டினது கணக்கு." வாக்குச்சாவடி அதிகாரியின் குரல் அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த முனையில் எடுக்கும் கணக்கு முழுக்க இப்படி யாரோ வெயிலில் நின்று அழுத்தியதுதான்.

"அங்கிள், இது எங்க ஊருக்கு வருமா?" என்று கேட்டாள் அந்த ஐந்தாம் ஆண்டுப் பெண்.

"எந்த ஊரு?"

"கரங்கான்."

அவருக்கு ஊர் தெரியவில்லை. கூலிம் என்றதும் தெரிந்தது. தரையில் குச்சியால் தீபகற்பத்தைக் கீறினார். இங்கே கரை ஏறுகிறது. அப்புறம் வடக்கே தாய்லாந்துப் பக்கம் போயாக வேண்டும். அதற்கு நடுவில் பேராக்கும் கெடாவும்தானே இருக்கின்றன? அங்கிருந்து மியன்மார், சீனா, பிறகு சைபீரியா, கொரியா, ஜப்பான். தோக்கியோ பல்கலைக்கழகத்து ஹிரோயோஷி ஹிகுச்சியும் அவரோடு இருந்தவர்களும் தேன் பருந்துகளின் முதுகில் சிறு கருவியைக் கட்டிச் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஜப்பானில் குஞ்சு பொரித்தவை சீனாவுக்குக் கடல் தாண்டி, இந்தோசீனா வழியாக இந்தத் தீபகற்பத்தில் இறங்கி, சுமத்ரா, ஜாவாவரை போகின்றன. ஒரு வழிக்கே 10,000 கிலோமீட்டர் வரும். திரும்பும்போது தென்கிழக்காசியாவில் சில வாரங்கள் தங்கித் தேறிக்கொண்டு, கொரியா சுற்றி வீடு சேர்கின்றன. "உங்க ஊருல பத்து மணிக்கு மேல திடல்ல நின்னு பாரு. வந்தா எனக்கு எழுது" என்றார்.

கடலில் கால் நனைக்க அரை மணி நேரம் கொடுத்தோம். மிதவைக்கு அதுதான் வேலை.

ஊர் திரும்பிய மறுவாரம் அப்பாவிடம் இதைச் சொன்னேன். தோட்டத்தை விட்டு பாடாங் செராய் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கி வந்து பல வருடமாகியிருந்தது. அப்பா வீட்டு முன்திண்ணையான ஐந்தடியில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார், அதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"இலை கொட்டுறப்ப வருமே, அதான?"

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. கெடாவில் தையிலிருந்து பங்குனிக்குள் பால் மரம் இலையை முழுக்க உதிர்த்துவிடும். பிறகு செம்பு நிறத்தில் கொழுந்து விடும். அந்த வாரங்களில் பால் குறையும், வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள், கூலிக்காரன் வீட்டில் அரிசி குறையும். வருடம் முழுக்க நிழலாகக் கிடக்கும் தோட்டத்துக்குள் அப்போது மட்டும்தான் வானம் தெரியும். பருந்துகள் வடக்கே திரும்பும் மாதங்களும் அவைதான்.

"பாத்துருக்கீங்களா?"

"பாக்காம? பால் இல்லாத நேரம், வேற என்னா வேலை? மரத்துல சாஞ்சுக்கிட்டுப் பாக்கிறதுதான். தெக்க இருந்து வரும், கூட்டமாச் சுத்தும், வடக்க போயிரும். கோழிக்கு எறங்காது. உன் பாட்டிக்கு அது புரியாது, எல்லாத்துக்கும் தகரத்த தட்டும்." கொஞ்சம் யோசித்தார். "ஒருவாட்டி என் நெரையில ஒண்ணு தரையில நின்னு மண்ணக் கெளறிக்கிட்டு இருந்துச்சு. கொளவி மொய்க்குது அத சுத்தி. அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டு இருக்கு. நான் அந்தப் பக்கம் ஏழெட்டு மரத்த வெட்டாமயே வந்துட்டேன், கொளவிக்குப் பயந்து."

தஞ்சோங் துவானில் மூன்று மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டதில் பாதி, எங்கள் வீட்டு ஐந்தடியில் நாற்பது வருடமாக இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. கூலி குறைந்த நாட்களில் மரத்தில் சாய்ந்து பருந்து பார்த்தேன் என்று எந்தத் தகப்பன் பிள்ளையிடம் சொல்வான்?

இப்போது அந்தப் பால் மர நிரைகளும் இல்லை. கரங்கானைச் சுற்றிப் பெரும்பாலும் செம்பனை. செம்பனை இலை உதிர்க்காது, எனவே அந்த வானத் திறப்பும் கிடையாது. ஒரு விதத்தில் செம்பனைதான் தோட்டத்தொழிலாளியை அண்ணாந்து பார்க்க வைத்தது. பழுத்த குலையைத் தேடி, நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மேலே பார்க்கிறார்கள். ஆனால் பார்வை மட்டைக்கு மேலே போவதில்லை. போனால் குலை தலையில் விழும்.

செம்பனையோடு வந்த ஒரு பறவையை மட்டும் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எலி பழத்தைத் தின்பதால் கூகைக்குப் பெட்டி அடித்து, கம்பத்தில் ஏற்றி, தோப்புக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். வெள்ளை முகத்தோடு ராத்திரியில் வேலை செய்யும் அந்த ஆளைப் பார்த்தால் சாவு வரும் என்று பயந்த சனம், இன்றைக்கு அதன் பெட்டிக்குக் கீழேதான் லாரி நிறுத்தி டீ குடிக்கிறது. பயம் போய்விட்டதா என்று ஒருவரிடம் கேட்டேன். "அது கம்பெனி ஆந்தைங்க டீச்சர்" என்றார்.

அண்ணன் சொன்னபடி நாங்கள் பள்ளித் திடலில் நின்று பார்த்தோம். ஓய்வு நேரம், அப்புறம் விளையாட்டுப் பாட நேரம். முதல் சில நாட்களில் கிடைத்ததெல்லாம் காகம், மைனா, மலைப்பக்கம் தனியே சுற்றும் ஒரு பாம்புப் பருந்து. இங்கே கடல்முனை கிடையாது. வரும் பறவை உயரத்தில் வரும், மணல் துகள் அளவுதான் இருக்கும். மேகம் வெள்ளையாக இருந்தால்தான் புள்ளி தெரியும், நீலவானத்தில் கண் வழுக்கிவிடும். சிற்றுண்டிச்சாலை அக்கா பிள்ளைகளுக்குக் கழுத்து வலி வரும் என்று புகார் சொன்னார். ஆனால் நல்ல வெயில் நாளொன்றில் செம்பனைத் தோப்புக்கு மேலே ஒரு கூட்டம் சுழன்று ஏறுவதை முதலில் காட்டியது அந்த அக்காதான், கையில் கரண்டியோடு.

அந்த ஐந்தாம் ஆண்டுப் பெண் இப்போது கூலிமில் இடைநிலைப் பள்ளிக்குப் போகிறாள். போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, மீன் பொரிக்க எண்ணெய் வைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெள்ளை மேகம், அதில் மிளகு தூவியது போலப் புள்ளிகள். "டீச்சர், வடகிழக்கா வருது. வெளிய போங்க." அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, கரங்கானில் என் வீட்டு வாசலில் நின்றேன். கூலிமிலிருந்து கரங்கான் வர அவற்றுக்கு அரை மணி நேரம் பிடித்தது. பக்கத்து வீட்டுக் கூரைக்கு மேலே சுற்றி ஏறின, பிறகு வரிசையாகச் சறுக்கிக்கொண்டு போயின. இருபத்தெட்டு என்று எழுதி அனுப்பினேன்.

முப்பத்தொன்று என்று உடனே பதில் வந்தது.

மூன்று வழியில் எங்கேயாவது இறங்கியிருக்கும் என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க அடுப்ப நெனச்சுக்கிட்டு சுத்துறப்பவே எண்ணிட்டீங்க டீச்சர்" என்கிறாள் இன்றுவரை. சுற்றும்போது எண்ணினால் கூடத்தான் செய்யும், எப்படிக் குறையும் என்று நான் கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.